வீட்டுக் கணினியில் பழைய டிவி கேம்: எமுலேட்டர்களின் வரலாறும் கோவளம் கரையும்

எமுலேட்டர் என்பது ஒரு கணினியை வேறோர் இயந்திரம் போல நடக்கச் செய்யும் மென்பொருள். 1990களில் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடிய டிவி கேம் பெட்டிகள் இன்று பெரும்பாலும் பழுதாகிவிட்டன. அவற்றின் விளையாட்டுகளை வீட்டுக் கணினியில் மறுபடி இயக்க உதவுவது இதுதான்.

கருத்தை விளங்கிக்கொள்ள, கோவளத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே காக்கப்படுவது பழைய மரமும் ஓடும்தான். மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் வேறு வகை. மரத்தால் கட்டிய கோயில்களின் விட்டமும் கூரையும் அங்கே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. மூலப்பொருள் அழிந்துவிட்டது, வடிவம் நிற்கிறது. எமுலேட்டர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல இது. 1960களில் ஐபிஎம் நிறுவனம் தன் 360 வரிசைக் கணினிகளை வெளியிட்டபோது, பழைய கணினிகளுக்கு எழுதிய நிரல்களை வாடிக்கையாளர்கள் கைவிட மறுத்தார்கள். புதிய இயந்திரம் பழையதைப் போல நடந்தாக வேண்டியிருந்தது. எமுலேட்டர் என்ற சொல் இந்தப் பொருளில் அங்கேதான் வழக்குக்கு வந்தது. அதற்கு அடுத்த தலைமுறையான ஐபிஎம் 370/155 கணினி 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்தது.

நம் ஊர் டிவி கேம் பெட்டிகளின் கதை 1983 ஜூலை 15இல் தொடங்குகிறது. அன்று ஜப்பானில் நிண்டெண்டோ தன் ஃபேமிகாம் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் செயலி நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்புகளில் இயங்கியது. வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கு இதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

நம் ஊருக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அந்தப் பெட்டியின் நகல்களே. சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் அவை விற்றன. சா வாலஸ் நிறுவனம் 1990களின் நடுவில் சேகா பெட்டிகளை முறைப்படி விற்றது. விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டவில்லை. ஆகவே சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும்தான் பிள்ளைகளின் கடைகளாயின. கார்ட்ரிட்ஜை யாரும் அப்படிச் சொன்னதில்லை, அது 'கேசட்'தான். மேலே '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சில விளையாட்டுகளே. அவையே வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். எண்களை நம்பக் கூடாது என்பதை ஒரு தலைமுறை இதில்தான் கற்றது!

இங்கே நுட்பமான ஒரு செய்தி உண்டு. ஜப்பானியத் தொலைக்காட்சியில் நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும். நம் நாட்டின் பால் முறையில் 50 முறை. விளையாட்டின் வேகமும் இசையின் தாளமும் இந்தப் புதுப்பித்தலைச் சார்ந்தவை. இசையின் சுருதியோ செயலியின் துடிப்பைச் சார்ந்தது. பால் நாடுகளுக்கான நகல் பெட்டிகள் பலவற்றில் செயலியின் துடிப்பு ஏறக்குறைய ஜப்பானிய அளவிலேயே இருந்தது. அதனால் சுருதி மாறவில்லை, தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்தது. சிறுவயதில் கேட்ட இசையை இன்று எமுலேட்டரில் கேட்டு, "இது ஏன் ஓடுகிறது?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுவே. எஃப்சிஇயுஎக்ஸ், மெசன் ஆகிய எமுலேட்டர்களில் 'டெண்டி' என்ற அமைப்பு உள்ளது. அது 1992இல் ரஷ்யாவில் வந்த நகல் பெட்டியின் பெயர். அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய நடை திரும்பும்.

வீட்டுக் கணினிக்கு எமுலேட்டர்கள் பரவியது 1990களின் பிற்பாதியில். 1996இல் மராத் ஃபைசுலின் வகுத்த கோப்பு வடிவம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. கேசட்டின் உள்ளடக்கத்துக்கு முன்னால் 16 பைட் குறிப்பு ஒன்றைச் சேர்த்து, அந்தக் கேசட்டின் அமைப்பை எமுலேட்டருக்குச் சொல்வது அதன் வேலை. 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிகோலா சல்மோரியா, காசு போட்டு ஆடும் பெட்டிகளுக்கான மேம் என்ற எமுலேட்டரை வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் நெஸ்டிகிள் வந்தது. சாதாரண வீட்டுக் கணினியிலேயே தடையின்றி ஓடியது. 1999இல் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றை விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் சோனி வழக்குத் தொடுத்தது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்திவிட்டது. வழக்கில் தோற்றாலும் வழி இருக்கிறது, பணம் இருந்தால்.

கோவளம் போன்ற கடலோர ஊர்களில் இவை எல்லாவற்றையும்விடக் காற்றுதான் பெரிய பகை. உப்பு ஈரம் கேசட்டின் செப்பு விளிம்பில் படிந்து பச்சை பூக்கிறது, மின்தொடர்பு அறுகிறது. வாயால் ஊதிச் செருகும் பழக்கம் எச்சில் ஈரத்தையும் சேர்த்து அரிப்பைக் கூட்டியது. அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பதே சரி. இயங்கும் கேசட்டாக இருந்தால், யுஎஸ்பி படிப்பான் மூலம் உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுத்துவிடலாம்.

பிறகு கணினியில் செய்ய வேண்டியது குறைவு. ரெட்ரோஆர்ச் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவி, பெட்டிக்கு ஏற்ற 'கோர்' ஒன்றைச் சேர்த்து, கோப்பைத் திறந்து, விசைகளை ஒதுக்கினால் போதும். பிளேஸ்டேஷன் போன்றவற்றின் எமுலேட்டர்கள் சிலவற்றுக்கு அந்தப் பெட்டியின் பயாஸ் கோப்பும் தேவை. விலையுயர்ந்த கணினி வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்கள் பெற்ற மடிக்கணினியே ஃபேமிகாமுக்குத் தாராளம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1984 திருத்தம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தது. ஆக, சட்டத்தின் கண்ணில் மாரியோவும் இலக்கியமே. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரலை முறைப்படி வைத்திருப்பவர் இழப்புக்கு எதிராகக் காப்பு நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. ஒரு நிரலோடு வேறொரு நிரல் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதையும் 1999 திருத்தம் ஏற்றுக்கொண்டது. எமுலேட்டர் குற்றமல்ல, பிறர் விளையாட்டை இணையத்தில் இறக்குவது வேறு. சொந்தக் கேசட் இல்லாத மாணவர்கள், ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாக வழங்கும் ஃபேமிகாம் விளையாட்டுகளைத் தேடலாம்.

இதில் சிக்கல் என்னவென்றால், விலை கொடுத்து வாங்க நினைத்தாலும் வழியில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு கண்டது. நம் நாட்டில் பதிப்புரிமை படைப்பாளியின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு நீடிக்கும். பெயரில்லாத படைப்பென்று குறைத்துக் கணக்கிட்டாலும், 1985இன் விளையாட்டு 2045 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. கோவளத்து வீட்டுப் பரணில் கிடக்கும் கேசட்டின் செப்பு அதுவரை தாங்காது.