பேரிடருக்குப் பிந்தைய நலவாழ்வுக் கணக்கெடுப்பு: கருவிகளும் வரலாறும்

வெள்ளம், புயல், ஆழிப்பேரலை, நச்சுவாயுக் கசிவு ஆகியவற்றில் தப்பிப் பிழைத்தவர்களின் உடல்நிலையையும் மனநிலையையும் அறிய உதவும் வினாநிரல்கள், நேர்காணல் படிவங்கள், ரத்தப் பரிசோதனைகள், மாதிரிக் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் எல்லாம் இத்தலைப்பில் அடங்கும். தமிழகத்தில் இவை பரவலாகக் கையாளப்பட்டது 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு. அன்றைய ஆழிப்பேரலையில் மாநிலத்தில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அடுத்த சில ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். பேரிடருக்குப் பின் எடுக்கும் கணக்கின் மதிப்பு, பேரிடருக்கு முன்பே என்ன அளந்து வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. அதற்கான சான்றில் பாதி கடற்கரையில் இருக்கிறது. மறுபாதி சென்னை கோபாலபுரத்தில், கான்ரான் ஸ்மித் சாலையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது.

தொடக்க காலத்தில் கருவி என்று தனியே ஒன்றும் இல்லை. மருத்துவரின் கண்ணும் குறிப்பேடும்தான். 1906-இல் பிரான்சின் கூரியர் சுரங்க வெடிப்பிலும் 1908-இல் இத்தாலியின் மெசினா நிலநடுக்கத்திலும் தப்பியவர்களை சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் எட்வர்ட் ஸ்டீர்லின் ஆராய்ந்தார். 1942-இல் பாஸ்டன் கேளிக்கை விடுதி ஒன்று தீப்பற்றியபோது, உறவினரை இழந்தவர்களின் துயரத்தை எரிக் லிண்டமன் பதிவு செய்தார். எண்ணிக் கூட்டத்தக்க வினாநிரல்கள் 1970-களில் வந்தன. அவற்றுள் இந்தியாவுக்கு முக்கியமானது, உலக சுகாதார நிறுவனம் வளரும் நாடுகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்காக உருவாக்கிய 20 கேள்விகள் கொண்ட சுயஅறிக்கைப் படிவம். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். 1984 போபால் துயரத்துக்குப் பிறகு, அங்குள்ள 10 மருத்துவமனைகளுக்கு வந்த 855 பேரிடம் இதைக் கேட்டு, பிறகு நேரிலும் பரிசோதித்ததில் 193 பேருக்கு மனநலப் பாதிப்பு உறுதியானது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் வாயு தாக்கியது நுரையீரலையும் கண்ணையும் மட்டுமே அல்ல என்பதை எண்ணால் எடுத்துச் சொல்ல இந்தப் படிவம் உதவியது.

ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகத்துக்கு வந்த கருவிகள் வேறு. ஒன்று, ரிச்சர்ட் மொலிக்கா குழுவினர் அமெரிக்காவில் குடியேறிய கம்போடிய, லாவோஸ், வியட்நாம் அகதிகளுக்காக வடிவமைத்து 1992-இல் வெளியிட்ட ஹார்வர்டு பேரதிர்ச்சி வினாநிரல். மற்றது, 1979-இல் மார்டி ஹொரோவிட்ஸ் குழுவினர் உருவாக்கிய நிகழ்வுத் தாக்க அளவுகோல். முதலாவதைக் கொண்டு தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தார் ஒரு மீனவ கிராமத்தில் ஆராய்ந்தபோது, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் 12.7 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இரண்டாவதன் ஒரு வடிவத்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் அளந்தபோது 43 விழுக்காடு வந்தது. இன்னொரு சுருக்க வடிவத்தைச் சிறாரிடம் பயன்படுத்தியபோது 70.7. பேரலை ஒன்றே. ஆனால் வயது, ஊர், கேட்ட காலம், படிவம், எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் நோய் என்று கொள்வது ஆகிய அனைத்தும் வேறுபட்டன. இவற்றில் எது எவ்வளவு கூட்டியது, எது குறைத்தது என்று பிரித்துச் சொல்ல இன்று வழியில்லை. அலைக்கு முந்தைய நவம்பரில் அதே ஊர்களில் அதே கேள்விகளுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்பது யாரிடமும் பதிவாகவில்லை. மனநல மருத்துவர்களை எந்த மாவட்டத்துக்கு எத்தனை பேர் அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டிய அதிகாரிக்கு 12.7-க்கும் 70.7-க்கும் இடையிலான வேறுபாடு சிறியதன்று.

கோபாலபுரத்தின் பணி இங்கேதான் பொருள் பெறுகிறது. வி. மோகன் தலைமையிலான அந்நிறுவனம் 2001-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வு, அப்போதிருந்த 155 மாநகராட்சி வட்டங்களில் 46-ஐத் தேர்ந்து 26,001 பேரைக் கணக்கெடுத்தது. நோக்கம் நீரிழிவே, பேரிடர் அல்ல. ஆனால் மனச்சோர்வை அறியும் 9 கேள்விப் படிவத்தை 12 கேள்விகளாக விரித்து, இங்குள்ள மக்களிடமே அதன் நம்பகத்தைச் சோதித்து, பிறகு 25,455 பேரிடம் கேட்டு 2009-இல் முடிவை வெளியிட்டது. சென்னையில் 15.1 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. வருவாய் குறைந்தவர்களிடையே அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். எந்தப் பேரிடரையும் முன்னிட்டு எடுக்காத கணக்கு இது. மனச்சோர்வும் பேரதிர்ச்சி நோயும் ஒன்றல்ல என்பதால் இந்த எண்ணைக் கடற்கரை எண்களோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் வெள்ளம் வடிந்த தெருவில் ஏழைப் பெண்களிடம் மனச்சோர்வு மிகுதி என்று ஓர் ஆய்வு சொன்னால், அதில் வெள்ளத்தின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு என்று கேட்பதற்கான அடிப்படை இதில் உண்டு.

முன்கணக்கு இல்லாதபோது அடுத்த வழி, பாதிக்கப்படாத ஊரோடு ஒப்பிடுவது. அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் செய்தது. அலை தாக்கிய கடலோர மக்களையும் தாக்காத பகுதி மக்களையும் பரிசோதித்தபோது, முன்பே அறியப்பட்ட நீரிழிவில் பெரிய வேறுபாடு இல்லை. கண்டறியப்படாத சர்க்கரை உயர்வும் மனஅழுத்தமும் தாக்கிய பகுதியில் அதிகம் இருந்தன. துயரம் ரத்தத்திலும் தடம் பதிக்கிறது என்பதற்கு நல்ல சான்று. ஆயினும் இரு ஊர்களும் அலைக்கு முன் ஒரே நிலையில் இருந்தன என்று இங்கே நம்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முன்கணக்கு வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. பொதுவான கருவியை எங்கோ செய்து எல்லா ஊருக்கும் கொண்டுபோவதே பிழை என்பது ஒன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நாகப்பட்டினத்தில் படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு மக்களைக் குழுவாக உட்கார்த்திப் பேசவிட்டபோது, நம்பிக்கையும் ஊர்க்கட்டும் உறவும் அவர்களைத் தாங்கிய விதம் வெளிப்பட்டது. நோயை மட்டும் தேடும் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. இலங்கையில் காயத்ரி பெர்னாண்டோ 2008-இல் அந்நாட்டு மக்களின் கூற்றுகளிலிருந்தே ஓர் உளசமூக அளவுகோலை உருவாக்கினார். இந்த மறுப்பு முற்றிலும் நியாயமானது. ஆனால் அது முன்தயாரிப்பையே வலியுறுத்துகிறது. மக்கள் சொல்வதைக் கேட்டுக் கருவி செய்ய மாதங்கள் ஆகும். உடல்கள் ஒதுங்கிக்கொண்டிருக்கும் கரையில் அதற்கு அவகாசம் கிடையாது. இன்னொரு மறுப்பு, சோறும் கூரையும் இல்லாதவரிடம் கேள்வித்தாளை நீட்டுவது கொடுமை என்பது. ஒரே முகாமுக்குப் பல குழுக்கள் வந்து இறந்த பிள்ளையைப் பற்றி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது உண்மையாகவே கொடுமைதான். பதில் சொன்னால்தான் நிவாரணப் பட்டியலில் பெயர் வரும் என்று ஒருவர் நினைத்துவிட்டால், அவர் தரும் இசைவுக்கும் மதிப்பில்லை. எந்தக் கேள்வி, யார் கேட்பது, தேறாதவரை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருந்தால் இந்தத் தொல்லை குறையும். அமெரிக்காவில் சாண்டி புயலுக்குப் பின் ஆயத்தப் படிவங்களும் ஆய்வுத் திட்ட வரைவுகளும் ஒரே இடத்தில் திரட்டப்பட்டது இந்த எண்ணத்தில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும் பேரிடர் ஆய்வுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கியுள்ளன.

தமிழகத்தில் இப்போது அடிப்படைக் கணக்குக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய சென்னைப் பகுதிகளில், உள்ளூரில் சோதித்த மனச்சோர்வுக் கேள்விகளையும் மழைக்காலத்துக்கு முன் மாதிரிக் குடும்பங்களிடம் கேட்டு வைக்கலாம். தனியுரிமை கெடும் என்ற அச்சத்துக்கு இடமுண்டு. பெயரை நீக்கி, தெரு அளவில் மட்டும் தொகுத்துச் சேமித்தாலே ஒப்பீட்டுக்குப் போதும்.