வடகடலோரத்தில் ஒரு மதராஸ்

ஸ்காட்லாந்து நாடு வெகு தொலைவிலுள்ளது எனினும், ராசிங்காபுரத்திற்கும் போடி மலைச்சாரலுக்கும் அது முற்றிலும் அந்நியமன்று. கண்ணன் தேவன் மலைகளில் ஸ்காட்லாந்துக்காரரின் நிறுவனம் விளைவித்த தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியுலகம் சென்றது. ஆனால் அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் மண்ணிலிருந்து அந்நாட்டிற்குச் சென்ற பொருள் ஒன்றுண்டு. அது நம் திண்ணைப் பள்ளியின் கல்விமுறை.

எடின்பரோவிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பத்தக்க தொலைவில், வடகடற்கரையில் அமைந்துள்ளது செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம். நாம் பெலவேந்திரர் என்று போற்றும் திருத்தூதர் அந்திரேயாவின் பெயரைத் தாங்கிய ஊர். அவருடைய திருப்பண்டங்களை வணங்க வந்த திருப்பயணியரால் வளர்ந்த ஊரும் அதுவே. 1318-இல் அரசர் இராபர்ட் புரூஸ் முன்னிலையில் நேர்ந்தளிக்கப்பட்ட அதன் பேராலயம், அந்நாட்டிலேயே மிகப் பெரியது. 1559-இல் சமயச் சீர்திருத்தப் புயலில் அது சூறையாடப்பட்டது. அதன் கற்கள் ஊரார் வீடுகளுக்குச் சுவராயின. எஞ்சிய கோபுரங்களும் சுவர்களும் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றன.

பேராலயத்திலிருந்து மேற்கே செல்லும் தெற்கு வீதியில், தொமினிக்கன் துறவியரின் இடிந்த சிற்றாலயத்திற்குப் பின்னால் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்று உள்ளது. அப்பள்ளியின் பெயர் ‘மதராஸ் கல்லூரி’. 2021-இல் புதிய வளாகத்திற்கு மாறிய பின்னும் அப்பள்ளி அப்பெயரை விடவில்லை.

இப்பெயருக்குக் காரணமானவர் ஆண்ட்ரூ பெல். 1753-இல் அவ்வூரில் நாவிதர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ஆங்கிலிக்கன் குருவாகி, 1787-இல் சென்னை வந்தவர். 1789 முதல் எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்தினார். ஒருநாள் நாட்டுப்புறப் பள்ளியொன்றில் சிறார் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு பணித்தபோது ஆசிரியர் இசையவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். அவன் வென்றான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இம்முறையை 1797-இல் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் பரவிற்று. தாம் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கே எழுதி வைத்து 1832-இல் பெல் மறைந்தார். மறு ஆண்டே மதராஸ் கல்லூரி திறக்கப்பட்டது.

மணலில் எழுதுவதை இந்நாட்டில் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவர் கற்பிக்கும் முறையையோ தமது கண்டுபிடிப்பு என்றார். ஆனால் சட்டாம்பிள்ளையை அறியாத திண்ணைப் பள்ளி உண்டோ? 1623-இலேயே இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வால்லே, இக்கேரிப் பகுதியில் சிறுவர்கள் மணலில் எழுதித் தமக்குள்ளே கற்றதைக் குறித்து வைத்துள்ளார்.

கிளாஸ்கோவில் பிறந்த ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்ட கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளைக் காட்டிற்று. அக்கணக்கெடுப்புக்கு 1823-இல் மறுமொழி எழுதிய பெல்லாரி ஆட்சியர் கேம்பல், இங்கிலாந்து பின்பற்றிய இம்முறையைப் புகழ்ந்த அதே அறிக்கையில், மக்களின் வறுமையால் இப்பள்ளிகள் நலிவதையும் எழுதினார். அங்கு விதை முளைத்த வேளையில் இங்கு மரம் பட்டுக்கொண்டிருந்தது.

இதனால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமென்று கொண்டாட வேண்டுவதில்லை. அங்குப் பெண் குழந்தைகள் மிகச் சிலரே பயின்றனர், ஒடுக்கப்பட்டோர்க்குப் பெரும்பாலும் இடமில்லை, பிரம்படியும் குறைவன்று. எனினும், தான் கற்றதைத் தம்பிக்குக் கற்பிக்கும் பிள்ளை இரட்டிப்பாகக் கற்கிறான் என்னும் உண்மையை அப்பள்ளி அறிந்திருந்தது. ஓராசிரியர் பல வகுப்புகளைத் தாங்கும் மலையடிவாரப் பள்ளிகளுக்கு அவ்வுண்மை இன்றும் உதவும். செயின்ட் ஆண்ட்ரூஸ் நம்மிடம் பெற்றதைப் பெயரிலேயே பொறித்து வைத்திருக்கிறது. கொடுத்த நாம் அதை நினைவில் கொண்டிருக்கிறோமா?