பரிசு வாங்கிய வங்கியும் பரிசுக்கு வரையாத ஊரும்

என் பேத்தி கட்டடக்கலை படிக்கிறாள், கடைசி வருஷம். போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு, ஹாலில் தரை முழுக்கத் தாள்களைப் பரப்பி வரைந்துகொண்டிருந்தாள். "தூங்கலையாம்மா?" என்றேன். "ஷரெட் தாத்தா, ரெண்டு நாளைக்கு இப்படித்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு 'ஷாரெத்' என்றால் இரண்டு சக்கரக் கட்டை வண்டி. கெடு நெருங்கும்போது விடிய விடிய வரைவதை அவர்கள் கல்லூரியில் அப்படிச் சொல்கிறார்களாம். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வண்டிதான் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரீஸ் 'எகோல் தெ போஸார்' கலைப்பள்ளி மாணவர்கள் பள்ளிக்கு வெளியே, ஆசான்களின் பட்டறைகளில்தான் வரைந்தார்கள். கெடு நாளன்று தாள்களை ஒரு வண்டியில் ஏற்றிப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். முடிக்காதவர்கள் வண்டி கூடவே ஓடிக்கொண்டு கடைசிக் கோட்டை இழுப்பார்களாம்.

அந்தப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. தலைப்பைக் கொடுத்து மாணவனைத் தனி அறையில் உட்கார வைப்பார்கள். 12 மணி நேரத்தில் முதல் வரைவு தயாராக வேண்டும். பிறகு வாரக்கணக்கில் அதை விரித்து வரையலாம். ஆனால் முதல் வரைவின் கருத்தை விட்டு விலகினால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதிய எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. பிடிக்காதது தலைப்புகள். அரண்மனை, தூதரகம், நாடக அரங்கம் என்று எல்லாம் பிரம்மாண்டம். எந்த ஊர், எந்த மனை, யார் வந்து போவார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

இந்தப் படிப்பின் உச்சம் ரோமாபுரிப் பரிசு. 30 வயதைத் தாண்டினால் போட்டியிட முடியாது. 1899இல் கொடுத்த தலைப்பு, அரசு வங்கி ஒன்றின் தலைமையகம். வென்றவர் தொனி கர்னியே. (பாரீஸ் ஒபேரா கட்டிய ஷார்ல் கர்னியே வேறு ஆள். உறவும் இல்லை.) இவர் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் பேட்டையில் பிறந்தவர். பல முறை முயன்று, முப்பதை எட்டும் நேரத்தில் வாங்கிய பரிசு அது. அந்த வங்கி வரைபடத்தைப் பார்த்தால் தூண், மாடம், சமச்சீர் என்று பரிசுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருக்கும். கட்டப்படவே இல்லை. கட்டுவதற்காக அதை யாரும் கேட்கவும் இல்லை.

வென்றவரை அரசு செலவில் ரோமில் மெடிசி மாளிகையில் தங்க வைப்பார்கள். பழைய இடிபாடுகளை அளந்து, அவை முன்பு எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து பாரீசுக்கு அனுப்ப வேண்டும். கர்னியேவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. 35,000 பேர் வாழும் ஒரு தொழில் நகரத்தை வரைய ஆரம்பித்தார். பாரீசில் இருந்த பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. கடைசியில் அவர்கள் கேட்டபடி துஸ்குலம் என்ற பழைய ரோமானிய ஊரையும் வரைந்து கொடுத்தார். ஆனால் தன் நகரத்தைக் கைவிடவில்லை. 1904இல் காட்சிக்கு வைத்தார், 1917இல் புத்தகமாகப் போட்டார்.

அந்தத் தாள்களை நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அணைக்கட்டிலிருந்து மின்சாரம். தொழிற்சாலை ஒரு பக்கம், வீடுகள் இன்னொரு பக்கம், நடுவில் பசுமை. ஒவ்வொரு படுக்கையறைக்கும் தெற்கு பார்த்த ஜன்னல் ஒன்றாவது வேண்டும். வெளிச்சத்துக்கென்று நாலு சுவருக்குள் அடைபட்ட முற்றம் கூடாது. வீட்டைச் சுற்றி மதில் கிடையாது. தோட்டத்துக்குள்ளேயே யாரும் நடந்து போகலாம். கோவில் இல்லை, சிறை இல்லை, நீதிமன்றம் இல்லை. சபை மண்டபத்தின் மேல் எமில் ஸோலாவின் 'உழைப்பு' நாவலிலிருந்து வாசகங்கள். கோர்ட்டும் ஜெயிலும் இல்லாத ஊர் நடக்குமா? அரசாங்கத்தில் வேலை பார்த்தவன் நம்ப மாட்டான். ஆனால் ஜன்னல் விஷயம் அப்படியல்ல. ஒரு தொழிலாளி எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பான் என்று யோசித்தவன்தான் அதை எழுத முடியும்.

1905இல் எதுவார் எரியோ லியோன் மேயரானார். கர்னியேவுக்கு வேலை கொடுத்தார். ஆட்டுத்தொட்டியும் மாட்டுச் சந்தையும் கட்டினார்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 210 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலத்தில் ஒரு கூடம். 1914இல் சர்வதேசக் கண்காட்சி அங்கேதான் நடந்தது. அடுத்து யுத்தம் வரவே வெடிகுண்டுத் தொழிற்சாலையானது. 1928இல்தான் மாடுகள் வந்தன. பிறகு மூடிவிட்டார்கள். 1975இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள், 1988 முதல் அங்கே கச்சேரி நடக்கிறது. மருத்துவமனை, விளையாட்டரங்கம், தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் அதே ஊரில் அவர் கையால் எழுந்தன.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவள் எடுத்திருக்கும் தலைப்பு, பழைய மார்க்கெட் ஒன்றைப் புதுப்பிப்பது. தரையில் உட்கார்ந்து மீன் விற்கும் பெண்களுக்குத் திண்ணை, கழிவுநீர் வாய்க்கால், கழிப்பறை, வெயில் நேரத்தில் சாய ஓர் அறை எல்லாம் வரைந்திருந்தாள். அந்த இடத்தில் காபி கடையும் துணிக்கடையும் வைத்தால்தான் எடுபடும் என்று அவளுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். மதிப்பெண் போகும் என்ற பயம் அவளுக்கு.

"அவர் என்ன தாத்தா பண்ணினார்? வங்கியா, ஊரா?" என்றாள்.

"ரெண்டும்தான். கேட்டதைக் கொடுத்தார், தன்னோடதையும் விடலை."

நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். மேலிடம் கேட்ட குறிப்பை எழுதி, என் கருத்தைத் தனித்தாளில் இணைத்து அனுப்புவேன். பல சமயம் அந்தத் தனித்தாள் திரும்பி வரவே வராது. அதையும் அவளிடம் மறைக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஒருத்தங்க கூடையோட உட்கார எவ்வளவு அகலம் வேணும்? நான் குத்துமதிப்பா போட்டிருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டேப்பை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமாக நான் மீன் வாங்கும் அம்மா என்னையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா சார் அளக்குற? இடிக்கப் போறாங்களா?"

"இல்லம்மா, பேத்தி படிப்புக்கு. நீங்க உட்கார எவ்வளவு இடம் வேணும்னு பார்க்கிறேன்."

கூடையை ஒரு பக்கம், அரிவாள்மனையை ஒரு பக்கம் நகர்த்தி வைத்து, காலை நீட்டி உட்கார்ந்தார். "அப்ப நல்லா அகலமாவே எழுதிக்கோ சார்."

நாலேகால் அடி எழுதிக்கொண்டேன்.