காப்பும் செங்கீரையும்: சயான் மருத்துவமனையை முன்வைத்து

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் காப்பே முதலில் நிற்கிறது. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டிய பின்னரே கையூன்றித் தலைநிமிர்ந்தாடும் செங்கீரையும் கைகொட்டும் சப்பாணியும் வருகின்றன. இவ்வைப்புமுறையை வெறும் மரபெனக் கடந்துவிட இயலாது. உயிரச்சம் தீர்ந்த வீட்டில்தான் வளர்ச்சி பற்றிய கவலை தொடங்குகிறது.

தாராவியை அடுத்துள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனையின் அண்மை வரலாறும் இவ்வரிசையிலேயே செல்கிறது. அங்குப் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்த அர்மிடா பெர்னாண்டஸ், நோய்த்தொற்றைத் தடுக்கப் புட்டிப்பாலை விலக்கித் தாய்ப்பாலை முன்னிறுத்தினார். 1989இல் அங்கே தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. ஆசியாவில் அதுவே முதலாவது என்பர்.

குறைமாதக் குழந்தைகள் பிழைக்கப் பிழைக்க, வீட்டார் கேட்கும் கேள்வி மாறுகிறது. ‘பிழைக்குமா?’ என்றவர்கள் ‘ஏன் இன்னும் குப்புற விழவில்லை?’ என்கின்றனர். குடும்பம் பிறந்த நாளிலிருந்து மாதத்தை எண்ணுகிறது. மருத்துவமோ, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு, ஏறத்தாழ இரண்டு வயதுவரை, 8 வாரங்களைக் கழித்தே பருவம் பார்க்கப்படுகிறது. ஆறு மாதமானாலும் அதனிடம் நான்கு மாதக் குழந்தையின் அசைவுகளே எதிர்பார்க்கப்படும். பாட்டிமாரின் கணக்கைப் பேதைமை என ஒதுக்குவதும் முறையன்று: கழித்த பின்னும் தாமதம் எஞ்சுமாயின், அதை முதலில் கண்டுகொள்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.