எல்லைக்கோடும் வலைக்கயிறும்

1974ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கையும் இந்தியாவும் பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையுள்ள கடலைப் பங்கிட்டு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கச்சதீவு பற்றிய வாக்குவாதம் இன்றுவரை ஓயாதிருப்பதால் அவ்வுடன்படிக்கையைக் கேள்விப்படாதார் நம்மிடையே இல்லை. ஆயின், அதன் இறுதிப் பகுதியிலுள்ள ஒரு பிரிவைப் படித்தோர் மிகச் சிலரே. எல்லைக்கோட்டின் இருபுறமும் பரவிக் கிடக்கும் எண்ணெய்ப் படிவமோ, இயற்கை வாயுவோ, வேறு கனிப்பொருளோ, மணலோ, சரளைக்கல்லோ காணப்படுமாயின், அதனை எவ்வாறு பயன்படுத்துவது, வருவாயை எவ்வாறு பகிர்வது என்பது குறித்து இரு நாடுகளும் கலந்து பேசி உடன்பாடு காண முயலவேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம். மணலுக்கும் கல்லுக்கும் இவ்வாறு வழிவகுத்த அவ்வுடன்படிக்கையில், கோட்டின் இருபுறமும் நாள்தோறும் நீந்தித் திரியும் மீனுக்கு அத்தகைய பிரிவு எதுவும் இல்லை.

இது எழுதியோரின் மறதி என்று கொள்வதற்கில்லை. கடலை ஆண்டோர் அதனை எந்தக் கண்கொண்டு நோக்கினர் என்ற நெடிய வரலாறு அந்த இல்லாமையில் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வது, இன்று வடகடலில் நாம் காணும் துன்பத்தின் வேரை அறிய உதவும்.

பாக்குக் குடா ஆழமற்ற கடல். அதன் பெரும்பகுதி பதினைந்து மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் முப்பது கிலோமீற்றர் அளவே. ஞாயிற்றின் ஒளி அடிநிலம் வரை எட்டுவதால் அங்கு கடற்புல் செழித்து வளர்கின்றது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளரும் தொட்டில் அக்கடற்புற் படுகைகளே. ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்வதும் அப்புல்லையே. இத்தகைய கடலில் குடா முழுவதையும் ஒரே கரைக்கடலாகக் கொள்ளுதல் தகும். ஒரு கரையிற் செய்யும் தொழிலின் விளைவு மறுகரையின் அடுப்பை எட்டும்.

சட்டப் புத்தகங்கள் தோன்றுமுன்னரே கரையோர மக்கள் தமக்குள் ஒழுங்குகளை வகுத்திருந்தனர். கரைவலை இழுக்கும் கரைப்பரப்பு ‘பாடு’களாக வகுக்கப்பட்டு, எவருடைய வலை எந்தப் பாட்டில் எப்போது இறங்குவது என்பதற்கு முறை இருந்தது. நீர்கொழும்புக் கடனீரேரியின் வாயிலிற் கட்டுவலைத் தொழில் செய்யும் கிராமத்தவர், வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைமாறிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வருவது. சோளகக் காலத்தில் மேற்குக் கரை கொந்தளிக்கையில் மீனவர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடியமைப்பதும், பருவம் மாறியதும் மீள்வதும் அவ்வாறே ஊர்களிடையே நிலைத்த ஏற்பாடுகள். இவற்றைக் கொண்டு ஒரு பொற்காலத்தைக் கற்பனை செய்தல் தவறாகும். பாடும் வலையும் பெரும்பாலும் சம்மாட்டியின் உடைமையாயிருந்தன. கயிறிழுத்தவனுக்குக் கிடைத்தது பங்கிற் சிறுபங்கு. முற்பணக் கடன் அவனை ஆண்டுக்கணக்கிற் கட்டிவைத்தது. சாதியும் கரையைக் கூறுபோட்டது. எனினும், கடல் வற்றாத சுரங்கமன்று, ஒருவன் அளவின்றி எடுத்தால் மற்றவனுக்குக் குறையும் என்னும் உண்மையை அவ்வழக்கங்கள் ஏற்றிருந்தன என்பது மனங்கொள்ளத் தக்கது.

அரசுகளோ கடலைத் திறைசேரியின் கண்கொண்டு நோக்கின. இதற்கு மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களே சான்று. போர்த்துக்கேயர், 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1796இல் வந்த ஆங்கிலேயர் ஆகிய மூவரும் அப்பார்களைத் தம் வருவாய்க் களமாகக் கொண்டனர். ஆங்கிலேயர் வந்த வேகத்தில் 1796 முதல் 1798 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடத்தினர், பார்கள் வறிதாயின. பின்னர் பார்களைக் கண்காணிக்க அதிகாரிகளை அமர்த்திச் சிப்பி முதிர்ந்தமையைப் பரிசோதித்த பின்னரே குளிப்பை அறிவிக்கும் முறை நிலைபெற்றது. ஒழுங்கின்றேல் வளமில்லை என்பதை அவர்களும் உணர்ந்தனர். ஆயின் அவ்வொழுங்கின் பயன் எவரைச் சேர்ந்தது? அரிப்புக் கரையிற் குவிந்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கு. மூச்சடக்கி மூழ்கியவர்க்கு மூன்றில் ஒன்று.

1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் பார்களை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதே 1906இல் அரசாங்கம் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கையளித்தது. 1907க்குப் பின்னர் பல்லாண்டுகள் குளிக்கத்தக்க சிப்பி விளையவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. விஞ்ஞானிக்கும் மூலதனத்துக்கும் இடமளித்த அவ்வேற்பாட்டில், பார்களின் இயல்பைப் பரம்பரையாக அறிந்த குளிகாரர் வெறும் கூலியாட்களாகவே இருந்தனர்.

1921 ஒக்டோபரில் பாக்குக் குடாவின் மீன்பிடிப் பரப்பைப் பிரிப்பது குறித்துச் சென்னை அரசாங்கத்தின் பிரதிநிதிகளும் இலங்கை அரசாங்கத்தின் பிரதிநிதிகளும் கொழும்பிற் கூடினர். இருகரை மீனவரிடையே போட்டி மிகாதிருக்க வேண்டும் என்பது அவர்கள் கூறிய நோக்கம். கச்சதீவுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி ஒரு கோடு வரையலாம் எனக் கண்டனர். அவ்வேற்பாடு முறைப்படி உறுதி பெறவில்லை. எனினும், ஒரே பேரரசின் இரு நிருவாகங்கள், பொதுக்கடலுக்குப் பொது ஒழுங்கு தேடுவதை விடுத்துப் பிரிகோடு தேடின என்பதே இங்கு நாம் கருதவேண்டியது. விடுதலை பெற்ற அரசுகளும் அம்மரபையே பின்பற்றின.

இதற்கிடையே தொழிலின் கருவி மாறியது. 1952இல் இந்தியா, நோர்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய முத்தரப்பும் செய்த உடன்பாட்டின் கீழ், கேரளக் கரையிற் கொல்லத்தை அடுத்த பகுதியில் ஒரு திட்டம் தொடங்கிற்று. விசைப்படகும் பனிக்கட்டியும் மீனவரின் வறுமையைப் போக்கும் என்பது அதன் நம்பிக்கை. ஆயின், வெளிநாட்டுச் சந்தையில் இறாலின் விலை ஏறியதும் முதலீட்டாளர் இழுவைமடிக்குத் திரும்பினர். 1960களிலும் 1970களிலும் இழுவைப் படகுகள் தமிழகக் கரையெங்கும் பெருகின. நம் கரையோர மக்கள் ‘றோலர்’ என வழங்கும் படகு இதுவே. அதன் மடி கடலடியைத் தடவி இழுக்கும். மீனோடு குஞ்சையும், புல்லையும், சிப்பியையும் வாரும். வழியிற் சிறுதொழிலாளர் விரித்த வலைகளையும் அறுத்துச் செல்லும்.

இங்கு நோர்வேயின் சொந்த வரலாற்றை நினைவுகூரல் பொருத்தமானது. 1890இல் அந்நாட்டின் லொபோற்றன் தீவுகளில், நீராவிக் கப்பல் முதலாளிகள் ஒரு குடாவின் வாயிலை வலையால் அடைத்து மீன் முழுவதையும் தமதாக்க முயன்றனர். துடுப்புப் படகுகளில் வந்த ஏழை மீனவர் அவர்களோடு பொருதி வழி திறந்தனர். அக்கிளர்ச்சியின் பின்னர், 1897ஆம் ஆண்டுச் சட்டம் லொபோற்றன் மீனவர் தம் கடலின் விதிகளைத் தாமே வகுப்பதற்கு வழிசெய்தது. 1908இல் அந்நாடு தன் கரைக்கடலில் இழுவைத் தொழிலைத் தடை செய்தது. கேரளத்துக்கு இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்குக் கடிவாளமிட்ட இம்மக்கள் இயக்கத்தின் படிப்பினை உடன்வரவில்லை. கேரள மீனவர் அதனைத் தம் சொந்தப் போராட்டங்களாற் கற்கவேண்டியதாயிற்று. கேரளத்தில் 1980இலும் தமிழ்நாட்டில் 1983இலும் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டங்கள் இயற்றப்பட்டன. தமிழ்நாட்டில் கரையிலிருந்து மூன்று கடல்மைல் சிறுபடகினருக்கு ஒதுக்கப்பட்டது. பாக்குக் குடாப் பகுதியில், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என முறை வகுக்கப்பட்டது. தம் கரையில் இடம் குறுகிய படகுகள் கோட்டைத் தாண்டின.

கோடோ 1974இல் எழுதப்பட்டிருந்தது. அவ்வுடன்படிக்கை இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்த உரிமைகளைப் பற்றிப் பேசியது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுக்கப்பட்டபோது பரிமாறப்பட்ட கடிதங்கள், வெளிப்படையான அனுமதியின்றி ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலிற் றொழில் செய்தலாகாது என்றன. எந்தக் கருவி, எப்பருவம், எவ்வளவு என்ற வினாக்கள் எழுப்பப்படவே இல்லை. எழுப்பியிருக்க வேண்டியவர்களிடம் எவரும் கேட்கவும் இல்லை.

பின்னர் போர் வந்தது. 1983 முதல் 2009 வரையான காலத்தின் பெரும்பகுதியில் வடபுல மீனவருக்குக் கடல் பூட்டப்பட்டது. தடைச்சட்டங்களும் உயர்பாதுகாப்பு வலயங்களும் இடப்பெயர்வும் அவர்களைக் கரையினின்று பிரித்தன. வெறுமையான அக்கடலில் மறுகரை இழுவைப் படகுகள் தொழில் செய்து பழகின. அவற்றின் தொழிலாளரிற் பலர் கடலிற் சுடப்பட்டு மாண்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. 2009க்குப் பின் கடன்பட்டு வலையும் படகும் வாங்கிக் கடலுக்கு மீண்டவர், இரவோடிரவாக அவ்வலைகள் அறுபடக் கண்டனர். இருகரையிலும் ஒரே மொழி பேசுவோர், கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் ஒன்றாக மண்டியிடுவோர், கடலில் எதிரிகளாயினர்.

இதனை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான பூசலாகக் காட்டுதல் இருபுறத்து அரசியல்வாதிகளுக்கும் வாய்ப்பானது. உண்மையிற் பிளவு வேறிடத்தில் உள்ளது. இழுவைப் படகின் உடைமையாளர் பலர் கரையிலிருப்பர். கைதாகிச் சிறையில் வாடுவோர் பங்குக் கூலிக்குச் சென்றவர். தமிழகத்தின் நாட்டுப்படகு மீனவர்க்கும் நம் வடபுலத்துச் சிறுபடகு மீனவர்க்கும் ஒரே குறை. இருவரின் வலையையும் அறுப்பது அதே மடி. ஆகவே இருவரும் இயல்பான தோழர்கள்.

இத்தோழமைக்கு வாய்ப்பில்லாமற் போகவில்லை. 2004இல் தமிழகத்திலிருந்து ஒரு நல்லெண்ணக் குழு இலங்கைக்கு வந்து மீனவரோடு பேசியது. 2010 ஓகஸ்டில் வடபுல மீனவர் பிரதிநிதிகள் தமிழகம் சென்றனர். அங்கு இழுவைத் தொழிலை ஓராண்டில் எழுபது நாட்களாகக் குறைத்து, அதன்பின் முற்றாக நிறுத்துவது எனவும், அதுவரை இலங்கைக் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்கு அப்பால் நிற்பது எனவும் இணக்கம் காணப்பட்டது. குடாவின் வரலாற்றில் தொழில் செய்வோரே கூடிக் கருவிக்கும் காலத்துக்கும் விதி எழுதிய அரிய நிகழ்ச்சி இதுவாகும். ஆயின் அது நிறைவேறவில்லை. அரசுகள் அதற்குச் சட்டவலு அளிக்கவில்லை; படகில் முடங்கிய மூலதனத்துக்கும், தொழிலிழக்கும் கூலியாட்களுக்கும் மாற்றுவழி காட்டவில்லை. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவர் மீண்டும் பேசினர். 2016 நவம்பரில் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைக்க இணங்கின. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைத் தொழிலைத் தடை செய்தது. அதே ஆண்டில் இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டம் தமிழகத்தில் தொடங்கிற்று. கடன்சுமைக்கு அஞ்சியும் ஆழ்கடற் றொழிலிற் பழக்கமின்மையாலும் அதில் இணைந்தோர் சிலரே.

நம் வீட்டையும் நாம் பார்த்துக்கொள்ளல் வேண்டும். சட்டம் தடுத்த பின்னரும் நம் வடகரையிலேயே சிலவிடங்களில் உள்ளூர் இழுவைமடி ஓய்ந்தபாடில்லை. வெடிமருந்தும் தடைசெய்யப்பட்ட வலைகளும் வேறு. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் அண்மைக்காலத்திற் பெருகிய அட்டைப் பண்ணைகள், இறாலும் மீனும் பிடித்துப் பிழைத்தோரின் ஆழங்குறைந்த நீரை வேலியிட்டு அடைக்கின்றன என்ற முறைப்பாடு வலுத்துள்ளது. பிறர் மடியைக் கண்டிக்கும் நாம், நம் பொதுநீர் சிலரின் உடைமையாவதைப் பொறுத்தல் எவ்வகையில் நியாயம்?

வரலாறு காட்டும் வழி தெளிவானது. குடாவின் கடலடியை அழிக்கும் தொழில் இருகரையிலும் படிப்படியாக நிறுத்தப்படல் வேண்டும். அதிற் கூலிக்கு உழைத்தோருக்குப் பிழைப்பு உறுதி செய்யப்படல் வேண்டும். அச்சுமையை அரசுகளும், அத்தொழிலால் இலாபமீட்டியோரும் ஏற்றல் வேண்டும். மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்துக்கு இருகரைக்கும் பொதுவான ஓய்வுக்காலம் வேண்டும். இந்தியக் கிழக்குக் கரையில் ஏப்ரில் 15 முதல் அறுபத்தொரு நாள் நிலவும் தடைக்காலம் அதற்குத் தொடக்கமாகலாம். இவற்றை வகுத்துக் கண்காணிக்கும் அவையில், சிறுபடகு மீனவரும், மீன்விற்கும், கருவாடு போடும் பெண்களும் வாக்குரிமையோடு அமர்தல் வேண்டும். அவர்கள் இல்லாத மேசையில் எழுதியவை நிலைக்கவில்லை. அவர்கள் எழுதியதற்கு அரசின் வலு கிட்டவில்லை. இரண்டும் சேரும்போதே பொது ஒழுங்கு பிறக்கும்.

கரையோரப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியரும், அங்கு பயிலும் மாணவரும் இவ்வரலாற்றை ஊரவர் வாயிற் கேட்டு எழுதிவைப்பார்களாயின் அது சிறுபணியாகாது. எந்தப் பாட்டில் எம்முறை இருந்தது, எந்த மீன் எந்த ஆண்டோடு அற்றுப்போயிற்று என்பனவற்றை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். நாளை இருகரை மீனவரும் ஒரு மேசையில் அமரும்போது, அவர்கள் கையில் அக்குறிப்பேடு இருக்கவேண்டும். மணலுக்கும் கல்லுக்கும் இரு அரசுகள் ஒரு பிரிவு எழுத இயன்றதெனின், மீனுக்கும் அதனை நம்பி வாழும் மனிதருக்கும் ஒரு பிரிவு எழுதுவது இயலாததாகாது. அதனை எழுதச் செய்வதற்கான மக்கட் குரலைத் திரட்டுவதே எஞ்சியுள்ள வேலை.