ஈஜோக்கில் கணினி, சிங்கப்பூரில் வாடிக்கையாளர்: சிறு இணையத்தள நிறுவனங்கள் எல்லை தாண்டுவது எப்படி?

ஈஜோக்: பால்மரக் காலம் போய்ச் செம்பனைக் காலம் வந்து, அதுவும் போய் இப்போது பல இடங்களில் தாமான்கள் எழும்பிக்கொண்டிருக்கும் வட்டாரம் ஈஜோக். 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு கோலாலம்பூர் பக்கமாகிவிட்டது. பழைய பத்தாங் பெர்ஜுந்தையான பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகமே இருக்கிறது. ஆனாலும் கணினி படித்த தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் ஷா ஆலம், சைபர்ஜெயா, அதற்கும் அப்பால் சிங்கப்பூர்தான்.

ஊரைவிட்டுப் போகாமல், வீட்டு முன்னறையில் இரண்டு கணினிகளை வைத்து இணையத்தளம் செய்து கொடுப்பது ஒரு மாற்று வழி. அதில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளூரில் கிடைக்கும் வாடிக்கையாளர்கள் திருமண மண்டபம், உணவு விநியோகிப்பாளர், கார் பட்டறை, ஆலய நிர்வாகம் என்ற அளவில் நின்றுவிடுவார்கள். ஒரு முறை தளம் செய்து கொடுத்தால் அடுத்த வேலை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. விலையைக் கூட்டினால், முகநூல் பக்கமே போதும் என்பார்கள். அதனால்தான் பலருடைய பார்வை வெளிநாட்டுச் சந்தையின் பக்கம் திரும்புகிறது.

வெளிநாட்டுச் சந்தை என்றதும் அங்கே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அலுவலக முகவரி வாங்குவதுதான் முதல் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடன் வாங்கி அப்படிச் செய்தால், வாடிக்கையாளர் கிடைக்கும் முன்பே கையிருப்பு கரைந்துவிடும். சேவைத் தொழிலுக்குப் பெரும்பாலும் அது தேவையும் இல்லை. வேலை எந்த நாட்டில் நடக்கிறது, ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, பணம் எந்த வழியாக வருகிறது ஆகிய மூன்றையும் ஈஜோக்கில் இருந்தபடியே சரிசெய்துவிட முடியும்.

தமிழ்நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்களும் வாங்குபவர் ஓரிடம், செய்பவர் ஓரிடம் என்ற அடிப்படையில்தான் வளர்ந்தன. ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய கூட்டாளிகளும் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் 2009-இல் ஸோஹோ ஆனது. உலகெங்கும் விற்கும் மென்பொருளின் ஒரு பகுதியை அது தென்காசி அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் உருவாக்குகிறது. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர், ஆஸ்திரேலியாவில் உள்ள அட்வெல் கல்லூரி. அங்கே அலுவலகம் திறந்து பிடித்த வாடிக்கையாளர் அல்ல. இணையத்தின் வழி வந்தவர். அதே நிறுவனம் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இவை ஒரே மென்பொருளை ஆயிரம் பேருக்கு விற்கும் நிறுவனங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தளம் கட்டிக் கொடுக்கும் சிறு தொழில், விற்ற மணிநேரத்துக்குத்தான் காசு பார்க்கும். அந்த வேறுபாட்டை மறந்து அவர்களைப் போலச் செலவு செய்யக் கூடாது.

முதல் சந்தையாகச் சிங்கப்பூரைச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. நேரம் ஒன்றே. சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். சந்தித்துப் பேச வேண்டும் என்றால் பேருந்து ஏறினால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. நான்கு மொழிகளில் தகவல் தர வேண்டிய அமைப்புகளுக்குத் தமிழ்ப் பக்கத்தைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் தேவைப்படுகிறார்.

இந்தத் திறமையை நம்மவர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடியும் பொத்தானில் ‘பதிவிறக்கம் செய்க’ என்று போட்டால் கட்டம் உடையும். வரி இடைவெளி போதாவிட்டால் மேல்வரி எழுத்தின் அடிப்பகுதியும் கீழ்வரி எழுத்தின் மேல்பகுதியும் முட்டிக்கொள்ளும். பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் பக்கம் முழுவதும் கட்டங்களும் குறிகளுமாகத் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாத நிரலருக்கு இந்தப் பிழைகள் கண்ணில்கூடப் படாது. தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மலேசியாவிலிருந்தே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். கவிஞர் முரசு நெடுமாறனின் மகனான முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல், தமிழில் தட்டச்சு செய்வதற்கான மென்பொருளாக உலகத் தமிழர்களிடையே பரவியது. கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் அவருடைய செல்லினம் 2005 பொங்கல் சமயத்தில் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் மெக்கிண்டாஷ் கணினிகளோடு சேர்ந்தே வருகிறது. தமிழ் தெரிந்திருந்ததுதான் அவருக்கு வெளிநாட்டுச் சந்தையைத் திறந்துவிட்டது.

வரி: வேலை எங்கே நடந்தது?

பணம் சிங்கப்பூரிலிருந்து வருகிறது, ஆகவே அது வெளிநாட்டு வருமானம், வரி கிடையாது என்ற பேச்சு இளைஞர்களிடையே உலவுகிறது. இது தவறு. தனிநபர்கள் வெளிநாட்டு மூலத்திலிருந்து பெறும் வருமானத்துக்கு 2036 இறுதிவரை நிபந்தனைகளுடன் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் ஈஜோக்கில் உட்கார்ந்து செய்த வேலையின் வருமானம் மலேசியாவில் ஈட்டப்பட்ட வருமானம். வாடிக்கையாளர் எந்த நாட்டுக்காரர் என்பதோ, பணம் எந்த வங்கியில் விழுந்தது என்பதோ அதை மாற்றாது. உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் அதைக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். சில ஆண்டுகள் காட்டாமல் விட்டு, பிறகு வாரியத்தின் கடிதம் அபராதத்தோடு வந்தால் சிறு தொழில் தாங்காது.

வாடிக்கையாளரின் நாடும் வரி பிடிக்கலாம். சிங்கப்பூரில், வெளிநாட்டவர் சிங்கப்பூருக்கு வெளியே இருந்து செய்யும் சேவைக்கான கட்டணத்தில் பிடித்தம் இல்லை. அங்கேயே போய்ச் செய்த வேலை என்றால் நிலைமை மாறுகிறது: வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தரும் தொழில்நுட்பக் கட்டணத்தில் 17 விழுக்காடு பிடிப்பது பொது விதி. மலேசிய-சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் அதை 5 விழுக்காடாகக் குறைக்கிறது. வரி மட்டுமல்ல, குடிநுழைவும் இதில் சேர்கிறது. பேச்சுவார்த்தைக்காகப் போய்வருவது வேறு. வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இரண்டு வாரம் அமர்ந்து தளம் கட்டுவது வேறு. பின்னதற்கு அந்நாட்டு மனிதவள அமைச்சின் அனுமதி தேவை.

இந்தியா இன்னும் கடுமை. வேலை மலேசியாவில் நடந்தாலும், தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்று கருதப்பட்டால் இந்திய வாடிக்கையாளர் 20 விழுக்காடும் மேல்வரியும் பிடித்துக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். மலேசியாவுடன் உள்ள ஒப்பந்தப்படி அது 10 விழுக்காடு. ஒரு லட்சம் ரூபாய் விலைச்சீட்டில் இந்த வித்தியாசம் மட்டுமே 10,000 ரூபாய். சலுகை தானாகக் கிடைக்காது. நமது வரி வாரியத்தில் விண்ணப்பித்து வரி வசிப்பிடச் சான்றிதழ் பெற்று, இந்தியத் தரப்பு கேட்கும் படிவத்தோடு பணம் வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அங்கே பிடித்த வரிக்கான சான்றை வாங்கி வைத்தால், இங்கே கட்ட வேண்டிய வரியில் கழிவு கேட்கலாம். சென்னையில் உறவினர் வழியாகக் கிடைக்கும் வேலை என்று வாய்வார்த்தையில் தொடங்கி, கடைசியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்ததும் சண்டையாவது இங்கேதான்.

ஒப்பந்தம்

தனியாள் வணிகத்தை எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் பதிய 60 ரிங்கிட். செண்டிரியான் பெர்ஹாட் என்றால் பதிவுக் கட்டணமே 1,000 ரிங்கிட். அதன் பிறகு நிறுவனச் செயலாளர், ஆண்டறிக்கை என்று செலவு தொடரும். உள்ளூர் வேலைக்கு முதலாவது போதும். வெளிநாட்டு ஒப்பந்தம் என்று வரும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தனியாள் வணிகத்தில் தொழிலின் கடன் உரிமையாளரின் சொந்தக் கடன். வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் ஆயத்த ஒப்பந்தங்களில், தளத்தால் ஏற்படும் எந்த இழப்பையும் செய்து கொடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற பிரிவு இருக்கக்கூடும். 2,000 வெள்ளி வேலைக்காக அதில் கையெழுத்திட்டால், அப்பா தோட்டத்தில் உழைத்து வாங்கிய மலிவு விலை வீடு மகன் பெயரில் இருந்தால் அதுவும் ஆபத்துக்குள் வந்துவிடும். பொறுப்பின் உச்சவரம்பு இந்த வேலைக்காகப் பெற்ற கட்டணத்தைத் தாண்டாது என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நிரல் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுத வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டுச் செய்வித்த படைப்பு செய்வித்தவருக்குப் போய்ச் சேரும். சிங்கப்பூரின் 2021 சட்டத்தில் பொதுவாகப் படைத்தவரே உரிமையாளர். ஒன்றும் எழுதாமல் விட்டால் இரு தரப்பும் தத்தம் நாட்டு வழக்கத்தை நினைத்துக்கொண்டிருக்கும். முழுப் பணமும் வந்து சேர்ந்த நாளில் உரிமை மாறும் என்று எழுதுவது இருவருக்கும் பாதுகாப்பு. இணைய முகவரியை மட்டும் எப்போதும் வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிய வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பாக்கி கேட்பவருக்கு அடுத்த வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

பணம்

பாதி முன்பணம், வடிவமைப்பு முடிந்ததும் ஒரு பங்கு, தளம் ஏறுமுன் மீதி என்று பிரித்துக்கொள்வது நல்லது. வங்கி வழி அனுப்பினால் கட்டணம் யாருடையது என்பதை விலைச்சீட்டிலேயே குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் இடையில் உள்ள வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு அனுப்பும். வைஸ் போன்ற சேவைகளையும் பேபால் போன்றவற்றையும் ஒப்பிடும்போது கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. நாணய மாற்று விகிதத்தில் மறைந்திருக்கும் இழப்பையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்தால், அந்நாட்டுச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலான சேவை ஒப்பந்தப் பூசல்களை விசாரிக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே நடக்கும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், கையில் எழுத்துப் பூர்வமான ஆதாரம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருப்பதும் பயன்படும்.

உதவி என்று பார்த்தால், மலேசிய வெளிவாணிப மேம்பாட்டுக் கழகமான மாட்ரேட், சேவை ஏற்றுமதி செய்வோருக்கென உதவித் திட்டங்களை நடத்துகிறது. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகத்தின் மலேசியா டிஜிட்டல் தகுதி, பழைய எம்எஸ்சி தகுதிக்குப் பதிலாக 2022-இல் வந்தது. இந்தியத் தொழில்முனைவர்களுக்குத் தெக்குனின் ஸ்பூமி கடனுதவி உண்டு. கணினி வாங்கவோ ஆள் சேர்க்கவோ அந்தக் கடன் உதவும்; கடன் என்பதால் வாடிக்கையாளர் கைக்கு வந்த பிறகு வாங்குவது மேல்.

சிங்கப்பூரில் நிறுவனம் தேவைப்படும் நேரமும் வரும். பெரிய வாடிக்கையாளர் உள்நாட்டு நிறுவனத்தோடு மட்டுமே ஒப்பந்தம் செய்வேன் என்று சொல்லலாம். அந்நாட்டின் நிறுவனப் பதிவு ஆணையமான அக்ராவில் பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. முதலீடு 1 வெள்ளி இருந்தாலே போதும். மலிவுதான். ஆனால் அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் செயலாளரை நியமிக்க வேண்டும். ஈஜோக்கில் இருப்பவர் இந்த இருவரையும் கட்டணம் கொடுத்துத்தான் அமர்த்த முடியும். அந்தச் செலவு வேலை வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் வரும். பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு இருக்கும். அந்த வாடிக்கையாளரின் ஓராண்டு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதைச் செய்தால் போதும். இரு நாட்டு விலைச்சீட்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் தனித்தனிக் கோப்பில் வைக்க வேண்டும். மலேசிய வரிச் சட்டம் அவற்றை ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது.