ஆப்பிரிக்கா தந்த கூழ்

கேழ்வரகு தமிழகத்திலேயே தோன்றிய பயிர் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதன் பிறப்பிடம் எத்தியோப்பியா முதல் உகாண்டா வரை பரந்த கிழக்காப்பிரிக்க மேட்டுநிலம் என்பது பயிர்நூலார் முடிபு. கம்பும் சோளமும் அக்கண்டத்தின் கொடையே. கென்ய மக்கள் கேழ்வரகு மாவில் காய்ச்சும் ‘உஜி’ நம் கூழுக்கு உடன்பிறப்பு.

சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களின் வானம்பார்த்த நிலங்களில் கூழுண்டு வளர்ந்தோர் பலர் கங்காணிகளின் வழி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். 1938இல் இந்திய அரசின் தடையால் அக்குடியேற்றம் நின்றது. இங்கே அவர்களுக்குக் கிட்டியது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி. நாளடைவில் சோறு மதிப்பின் அடையாளமாயிற்று. கூழோ வறுமையின் சின்னமாகி, ஆடி மாதத்து மாரியம்மன் கோயிலில் ஒதுங்கிற்று.

100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராமே. நார்ச்சத்தும் கேழ்வரகிலேயே மிகுதி. 2023ஆம் ஆண்டின் தேசிய நல ஆய்வின்படி, மலேசியாவில் வளர்ந்தோருள் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. கேழ்வரகு அதற்கு மருந்தன்று. நைய அரைத்துச் சர்க்கரை கூட்டிய கஞ்சி அந்நோயாளர்க்கு ஆகாது. தவிடு நீக்காத மாவில் கிளறிய களியைக் கீரையோடு அளவாக உண்பதே நன்று.

கூழை ஏழையுணவு என்று ஜொகூர்ப் பள்ளிச் சிறுவன் நாணலாகாது. இரு கண்டங்களின் உழவர் காத்த உணவு அது என்பதை ஆசிரியர்கள் அவனுக்கு உணர்த்துவார்களாக. ஆடியில் அம்மனுக்கு வார்ப்பது ஆண்டு முழுதும் நம் அடுப்பிலும் கொதிக்கட்டும்.